அல்லியும் சங்கிலியும்: மாயப்புனைவு ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள்

ஒரு கற்பனை உலகில் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, துணைகளைச் சேர்த்து, இடப்படும் பணிகளை முடித்தபடி கதையை நகர்த்தும் விளையாட்டு வகை ஆர்.பி.ஜி. எனப்படுகிறது. தமிழில் இதை வேடமேற்பு விளையாட்டு எனலாம். வாள், மந்திரம், அரக்கர், டிராகன் நிறைந்த மாயப்புனைவு உலகமே இவ்வகையில் மிகுதி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்தே இதன் கணினி வடிவங்கள் கிளைத்தன.

இவ்விளையாட்டுகளின் பெண் பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடையையும் உருவத்தையும் பேசுகின்றனர். ஆண் வீரனுக்கு முழுக் கவசமும் பெண் வீராங்கனைக்கு மார்பை மட்டும் மூடும் இரும்புத் துண்டும் தரப்படுவது கேலிக்குரியதுதான். ஆனால் உடையை மாற்றினால் பாத்திரம் மாறிவிடுமா? நாவலில் ஒரு பாத்திரம் சொற்களால் மட்டுமே எழுதப்படுகிறது. விளையாட்டிலோ அது இருமுறை எழுதப்படுகிறது: ஒருமுறை வசனத்தில், மற்றொருமுறை விதியில். அவள் என்ன பேசுகிறாள் என்பது வசனம். அவளால் என்ன செய்ய முடியும், எதை மறுக்க முடியும், அவளை மீறினால் ஆடுபவருக்கு என்ன ஆகும் என்பது விதி. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அதை அளக்கும் கோல்களாக, வடசென்னையோடு தொடர்புடைய இரண்டு பழைய தமிழ்க் கதைகளை எடுத்துக்கொள்கிறது.

விதியில் எழுதப்பட்ட பெண்

பெண்ணை விதியில் எழுதியதற்கு மிக வெளிப்படையான சான்று 1978இல் வந்த 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிநூல். அதில் மனிதப் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு உச்ச வரம்பு இருந்தது. ஆண் போர்வீரன் 18/100 வரை போகலாம். பெண் 18/50ஐத் தாண்ட முடியாது. தீயை உமிழும் டிராகனை நம்பச் சொன்ன நூல், தன்னைவிட வலிய பெண் ஒருத்தியை நம்ப மறுத்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வரம்பு நீக்கப்பட்டது.

கணினி விளையாட்டில் விதி இப்படி எண்ணாக வெளியே தெரிவதில்லை. 1986இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் இளவரசி ஒருத்தி குகையில் சிறைப்பட்டிருக்கிறாள். மீட்டபின், தன்னை அரண்மனைக்கு அழைத்துச் செல்வாயா என்று கேட்கிறாள். முடியாது என்று சொன்னால் அதே கேள்வி மறுபடி வரும். சம்மதிக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். ரசிகர்கள் இதை இன்றும் நகைச்சுவையாக நினைவுகூர்கின்றனர். உற்றுப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு ஏற்கப்படும் விடை ஒன்று மட்டுமே. அக்காலத்து விளையாட்டுகள் எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டே, 1987இல், சேகா வெளியிட்ட 'ஃபேன்டஸி ஸ்டார்' விளையாட்டின் நாயகி ஆலிஸ், கொல்லப்பட்ட அண்ணனுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டாள்.

உலகெங்கும் விற்ற 'ஸ்கைரிம்' (2011) விளையாட்டில் முதல் டிராகனை வென்றதும் சிற்றரசர் தரும் மரியாதையில் லிடியா என்ற மெய்க்காவல் வீராங்கனையும் அடக்கம். அவள் ஆடுபவரின் சுமையைத் தூக்குவாள். திருமணமும் செய்துகொள்ளலாம். மணந்தபின் துணை ஒரு கடை நடத்தி நாளொன்றுக்கு 100 தங்கக் காசு தரும். நாளுக்கு ஒருவேளை சமைத்துத் தரும். ஆடுபவர் எத்தனை நாள் வீடு திரும்பாவிட்டாலும் ஏன் என்று கேட்காது. கணவனாக அமையும் ஆணுக்கும் இதே விதிதான் என்பதைச் சொல்ல வேண்டும். ஆயினும், காத்திருந்து, சமைத்து, வருவாயும் தரும் ஒருவரை 'துணை' என்று அழைக்கும்போது எந்தப் பழைய குடும்ப அமைப்பு விதியாக உறைந்திருக்கிறது என்பது தமிழ் வாசகருக்கு விளக்காமலே விளங்கும். 'தி விட்சர்' (2007) இன்னும் ஒரு படி கீழே போனது. நாயகன் உறவுகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படச்சீட்டு தந்து சேர்த்துவைக்கச் சொன்னது.

முதல் கோல்: அல்லி

இந்த வடிவம் நமக்குப் புதிதன்று. ராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பில் இருந்த இரத்தின நாயகர் அச்சகம் போன்றவை 'பெரிய எழுத்து' என்ற பெயரில் மலிவு விலைக் கதைநூல்களை அச்சிட்டுத் தமிழகமெங்கும் அனுப்பின. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'. மதுரையை ஆளும் அல்லி போரில் வல்லவள். ஆண் துணை வேண்டாதவள். அவள்மேல் ஆசைகொண்ட அர்ச்சுனன் கண்ணனின் உதவியால் பாம்பு உருவெடுத்துப் பள்ளியறைக்குள் நுழைகிறான்; அவள் உறங்கும்போதே தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் சீறுகிறாள், படை எடுக்கிறாள். முடிவில் அவன் மனைவியருள் ஒருத்தியாகிறாள்.

வசனத்தில் அல்லிக்கு ஒரு குறையும் இல்லை. கம்பீரமாகப் பேசுகிறாள், வாள் சுழற்றுகிறாள். இன்றைய விளம்பரங்கள் சொல்லும் 'வலிமையான பெண் பாத்திரம்' அவள்தான். ஆனால் கதையின் விதி வேறு. அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல் நாயகன் தாண்ட வேண்டிய ஒரு கோட்டைச் சுவர், அவ்வளவே. தாண்டியதற்கு அவன் எதையும் இழப்பதில்லை, பரிசுதான் பெறுகிறான். பெண்ணின் கை ஓங்கிய வீட்டை 'அல்லி தர்பார்' என்று இன்றும் கேலி செய்கிறோம். கதை மறந்தாலும் அதன் விதி மொழியில் தங்கிவிட்டது.

இரண்டாம் கோல்: சங்கிலியார்

கொண்டித்தோப்பிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் திருவொற்றியூர். அங்குள்ள தியாகராசர் கோயிலின் மகிழமரத்தடியில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நிகழ்ச்சி நேர் எதிரான விதியைக் காட்டுகிறது. ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார், உலகியல் மணத்தை ஏற்க மனமின்றி, திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுத்து வந்தார். அவரைக் கண்டு காதல்கொண்ட சுந்தரர், தம் தோழராகிய சிவபெருமானிடமே பெண் கேட்டார். சங்கிலியாரின் கனவில் தோன்றி இறைவன் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் சுந்தரர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவர் என்பதை நினைவூட்டினார். அங்கே பரவையார் இருக்கிறார் என்பதே அதன் பொருள். 'உன்னைப் பிரியேன்' என்று சபதம் செய்து தருவது என முடிவாயிற்று.

இனி வருவதைத்தான் விளையாட்டு எழுதுவோர் கவனிக்க வேண்டும். சபதம் செய்யும் நேரத்தில் கருவறையில் இராமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சுந்தரர் இறைவனை வேண்டிக்கொண்டார். சன்னிதியில் ஆணையிட்டாலும் அது தம்மைக் கட்டாது என்பது கணக்கு. இறைவனோ சங்கிலியாரின் கனவில் மீண்டும் தோன்றி, மகிழடியில் ஆணையிடச் சொல் என்றார். தப்பும் வழி அடைபட்டது. மகிழடியில் சபதம் செய்த சுந்தரர், பின்னர் திருவாரூர் வசந்த விழாவை நினைத்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன.

இறைவனுக்கே தோழராயினும் ஒரு பெண்ணுக்குத் தந்த சொல்லை மீறினால் விலை உண்டு: இக்கதையின் விதி இது. அர்ச்சுனனுக்குக் கிடைத்த விலக்கு சுந்தரருக்குக் கிடைக்கவில்லை. இந்நிகழ்ச்சி இன்றும் ஆண்டுதோறும் மகிழடி சேவையாகக் கொண்டாடப்படுகிறது.

விலகிப் போகும் துணைகள்

இவ்விரண்டு கோல்களையும் கொண்டு அண்மைக் கால விளையாட்டுகளை அளந்தால், பல மெல்ல மெல்ல அல்லியிடமிருந்து சங்கிலியாரை நோக்கி நகர்வது தெரிகிறது. 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' (2009) விளையாட்டில் புனிதச் சாம்பலை ஆடுபவர் மாசுபடுத்தினால், உடனிருக்கும் மூத்த மந்திரவாதி வின் அவரையே எதிர்த்துப் போரிடுகிறாள். இறுதிப் போருக்கு முந்திய இரவில் மாரிகன் ஒரு நிபந்தனை வைக்கிறாள், மறுத்தால் கிளம்பிவிடுகிறாள். ஆனால் அதே விளையாட்டில் துணைகளின் நல்லெண்ணத்தைப் பரிசுப் பொருள் கொடுத்தும் ஏற்றலாம். ஒரு கையால் தந்த மறுப்புரிமையை மறு கையால் விலைக்கு வாங்கும் ஏற்பாடு இது.

'தி விட்சர் 3' (2015) விளையாட்டில் அத்தகைய படச்சீட்டுகள் இல்லை. டிரிஸ், யென்னஃபர் இருவரிடமும் நாயகன் காதல் வாக்கு தந்தால், இருவரும் பேசிவைத்து அவனைக் கட்டிலில் பூட்டிவிட்டுப் போய்விடுகின்றனர். பிறகு இருவருமே இல்லை. பரவையாரும் சங்கிலியாரும் ஒருநாள் சந்தித்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கத் தூண்டும் காட்சி. 'பால்டர்ஸ் கேட் 3' (2023) விளையாட்டில் ஆடுபவர் அகதிகளைக் கொல்லும் கூட்டத்தோடு சேர்ந்தால் கார்லக் அவரை விட்டு நீங்குகிறாள். எத்தனை இனிய சொல்லும் அவளை நிறுத்தாது.

ஆனால் விளையாட்டில் சுந்தரரின் தந்திரத்தைவிட எளிய தந்திரம் ஒன்று உண்டு: சேவ் கோப்பு. வாக்கைத் தருமுன் சேமித்துக்கொண்டு, விளைவு பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். அவளுடைய சினமும் பிரிவும் நடவாதவை ஆகிவிடும். ஆகவே நல்ல வசனமும் நல்ல விதியும் இருந்தாலும் அவற்றின் கடுமை ஆடுபவர் கையில்தான் இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இல் பின்னர் சேர்க்கப்பட்ட, ஒரே ஒரு சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் 'ஹானர் மோட்' இவ்வழியைப் பெரும்பாலும் அடைக்கிறது. மகிழடியில் இறைவன் செய்ததும் இதுவே.

போனபின் எங்கே?

தண்டனை மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. சுந்தரர் கண்ணிழந்தபின் புராணம் அவருடனேயே நடக்கிறது. ஒற்றியூரில் தங்கிய சங்கிலியாரின் நாட்களை அது விரித்துரைப்பதில்லை. விளையாட்டுகளிலும் இதே குறைதான். கார்லக் நீங்கியதும் கதையிலிருந்தும் நீங்குகிறாள். நாயகன் தவறியதற்கான விலையாக அவள் பயன்படுகிறாள். அவளுக்கென ஒரு வழி எழுதப்படவில்லை.

இவ்விடத்தில் இந்தியச் சூழலிலிருந்தும் தமிழ்ச் சூழலிலிருந்தும் வந்த இரண்டு விளையாட்டுகள் உதவுகின்றன. இரண்டும் முழுமையான ஆர்.பி.ஜி. அல்ல. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' (2020) மாயப்புனைவுச் சாகசம். அரக்கர் கவர்ந்த தம்பியைத் தேடிப் போகும் ராஜி யாருக்கும் பரிசல்ல. ஆனால் அவள் எதையும் பேரம் பேச வேண்டியதில்லை. தெய்வம் ஆயுதம் தர, அவள் போரிடுகிறாள். கனடாவில் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' (2023) மாயமே இல்லாத சமையல் கதை. அங்குக் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, கணவன் இறந்தபின் ஊர் திரும்பிவிடுகிறாள். மகன்தான் அவளைத் தேடி வர வேண்டியிருக்கிறது. அவள் போன இடத்துக்குக் கதையும் போகிறது. டிராகன்களோடு வந்த பல பெரிய விளையாட்டுகளுக்கு எட்டாத எளிய விதி இது.

தமிழில் விளையாட்டு எழுத விரும்பும் மாணவர்களுக்கு வடசென்னையே பாடநூல். மாயப்புனைவு ஊர்களில் வரும் பெண், வழியோரம் நின்று 'என் மகனைக் காணோம்' என்று பணி ஒன்றைத் தந்துவிட்டு அங்கேயே நிற்பாள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்கும் பெண் அப்படி நிற்பவளல்ல. அன்றைய விலை, கூடையின் தரம், தண்டல்காரனுக்குத் தர வேண்டியது, தெருவில் யாருக்குக் கடன் தரலாம் என்று அவள் தலைக்குள் ஒரு முழு விதிநூல் ஓடுகிறது. விலை படியாவிட்டால் அடுத்த படகுக்குப் போய்விடுவாள். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் சேற்றையும் நீரோட்டத்தையும் விரலால் படிப்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது அவர்கள் பிழைப்பு நின்றது. அத்தகைய ஒருத்தியை, வீரன் வந்து ஆற்றைத் தூய்மையாக்கக் காத்திருப்பவளாக எழுதுவது எளிது. அவளிடம் கேட்காமல் ஆற்றில் ஓரடியும் எடுத்துவைக்க முடியாத விதியை எழுதுவதுதான் வேலை.

ஆகவே ஒரு பெண் பாத்திரத்தை மதிப்பிடும்போது கவசத்தின் அளவோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். அவள் நிபந்தனை வைக்க முடியுமா? அதை மீறினால் ஆடுபவருக்குத் திரும்பப் பெற முடியாத இழப்பு ஏதும் உண்டா? அவள் விலகிப் போனால் அவளுக்கென்று ஓர் இடமும் தொழிலும் அவ்வுலகில் இருக்கின்றனவா? நாள்தோறும் மணிக்கணக்கில் ஆடும் பதினைந்து வயதுப் பையன், தான் கேட்ட வசனங்களில் பாதியை மறந்துவிடுவான். ஒரு பெண் வேண்டாம் என்றால் மறுபடி மறுபடி அழுத்த வேண்டுமா, நின்றுவிட வேண்டுமா என்று விதி கற்பித்ததை அவன் விரல்கள் மறப்பதில்லை.