மூச்சின் இருவழி: ஜோன் லா பார்பராவின் குரலாக்கங்கள்

பாடகர் ஒருவரை மதிப்பிடுங்கால் அவர்தம் குரல்வளத்தையும் பாடிய பாடல்களையும் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். சொல்லையும் பாடலையும் விலக்கிவிட்டுக் குரலையே ஆக்கப்பொருளாகக் கொண்டவரிடம் இவ்வளவுகோல் செல்லாது. அமெரிக்கரான ஜோன் லா பார்பரா (பிறப்பு: 1947, பிலடெல்பியா) அத்தகைய குரலிசைஞர், இசையமைப்பாளரும் ஆவார். அவர் எழுப்பும் விந்தை ஒலிகளை வரிசைப்படுத்திக் காட்டுவதோடு திறனாய்வு நின்றுவிடுவதுண்டு. ஆயின், அவருடைய ஆக்கங்களை ஊன்றிக் கேட்குமிடத்து, ஒலிகளின் பெருக்கத்தைக் காட்டிலும் அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடே அவருடைய வலிமை என்று நாம் கருதுகிறோம்.

மேலைச் செவ்வியல் முறையில் குரற்பயிற்சி பெற்ற இவர், 1970களின் தொடக்கத்தில் ஸ்டீவ் ரைஷ், பிலிப் கிளாஸ் ஆகியோரின் குழுக்களில் பாடினார். ரைஷின் 'டிரம்மிங்' என்னும் படைப்பில் பெண்குரல்கள் மரிம்பாவின் ஒலிக்கோலங்களுக்குள் நுழைந்து அவற்றைப் போலவே ஒலிக்க வேண்டும். குரல் கருவியாக மாறும் அந்த நிலை இவருக்குப் பெரும் பயிற்சியாயிற்று எனலாம். கருவியிசைஞர்களுடன் சேர்ந்து, முன்னேற்பாடின்றி அவ்வப்போதே இசைத்து, அவர்தம் கருவிகளின் ஒலிநிறத்தைத் தம் தொண்டையில் தேடிப் பார்த்தார். அத்தேடலில் கிடைத்தவற்றை அவர் அப்படியே மேடையேற்றிவிடவில்லை. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, ஒரு விதிக்குள் அடைத்து, அவ்விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்தார்.

1974ஆம் ஆண்டின் 'ஒரு சுரக் குரலாய்வு' இதற்குச் சான்றாகும். ஒரே சுரம் தொடர்ந்து ஒலிக்கிறது. அதன் அதிர்விடம் மட்டும் மூக்கு, அண்ணம், மிடறு என நகர்கிறது. சுரம் மாறாதிருக்க, அதனுள் மறைந்திருந்த மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. மறு ஆண்டில் அமைந்த 'வட்டப் பாடல்' இன்னும் கடுமையானது. காற்றுக்கருவி இசைப்போர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இடையறாது ஊதுவர். ஒலி பிறக்குமிடமே தொண்டையாக இருக்கும் பாடகருக்கு அவ்வழி இல்லை. ஆகவே, வெளிவிடும் மூச்சிலும் உள்ளிழுக்கும் மூச்சிலும் ஒருசேரப் பாடுகிறார். ஏறியும் இறங்கியும் சறுக்கிச் செல்லும் குரல், மூச்சுக்கென எங்கும் நிற்பதில்லை. உள்ளிழுக்கும்போது எழும் குரலில் கரகரப்பும் தளர்ச்சியும் உண்டு. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியப் பிறப்பியல் நம் நினைவிற்கு வருகிறது. உந்தியினின்று எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்பர் தொல்காப்பியர். அகத்தே எழும் காற்றின் அளவை ஒதுக்கி, பொருள் புலப்படப் புறத்தே இசைக்கும் ஒலியளவையே தாம் கூறுவதாக எல்லையும் வகுப்பர். இதனால் லா பார்பராவுக்கும் தமிழிலக்கணத்திற்கும் தொடர்பு காட்ட நாம் முனையவில்லை. இலக்கணம் தன் பயன் கருதி விட்டுவைத்த பகுதியில்தான் இக்கலைஞர் குடியிருக்கிறார் என்பதை நம் மாணவர்க்கு விளக்க, இதனினும் எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

1976இல் தம் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தின்வழி வெளியிட்ட 'குரலே ஆதிக் கருவி' என்னும் தொகுப்பில் மேற்கண்ட இரண்டும் இடம்பெற்றன. அதன் மூன்றாம் ஆக்கம் குரலோடு மின்னணுக் கருவிகளையும் இணைப்பது. நம் மதிப்பீட்டில் அது மற்ற இரண்டிற்கும் ஈடன்று. குரல் எது, கருவி எது என்ற ஐயம் எழுந்ததும், ஓர் உடல் தன் எல்லையோடு போராடுகிறது என்னும் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. எனினும், 1977இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சைகைமொழி நெடுங்கணக்கிற்கு அவர் அமைத்த குரலொலி, மின்னணு உத்தியும் அவர் கையில் இனிமை பெறும் என்பதைக் காட்டியது.

இத்தகைய கலை, கலைஞரின் உடலோடு முடிந்துவிடுமா என்ற வினா எஞ்சுகிறது. மார்ட்டன் ஃபெல்ட்மன் 1982இல் இவருக்கென்றே இயற்றிய 'மூன்று குரல்கள்' என்னும் படைப்பை இங்கு நோக்க வேண்டும். பாடகர் மேடையில் பாட, முன்பே பதிவுசெய்த அவருடைய குரலே இருபுறமும் இரு ஒலிபெருக்கிகளில் உடன் ஒலிக்கும். மறைந்த தம் நண்பர்களான கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா, ஓவியர் பிலிப் கஸ்டன் ஆகியோரை எண்ணிய ஃபெல்ட்மன், அவ்வொலிபெருக்கிகளைக் கல்லறைக் கற்களோடு ஒப்பிட்டார். பிற்காலத்தில் மரியான் ஷுப்பே, ஜூலியட் ஃப்ரேசர் முதலியோரும் இதனைப் பதிவு செய்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் முதலில் தத்தம் குரலையே இருமுறை பதிந்து, பிறகு அதற்கு நடுவில் நின்று பாட வேண்டியிருந்தது. லா பார்பராவின் குரலை எவரும் இரவல் வாங்கவில்லை.