விற்றால் தப்பு, கொடுத்தால்?

போன மாதம் வால்பாறையில் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். பள்ளியின் பெயர் வேண்டாம். அழைப்பின் கீழே ஒரு வரி: மாணவர் நலன் கருதி, வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம், பாக்கெட்டில் அடைத்தது மட்டும். மேசை மேல் கிரீம் பிஸ்கட், மாம்பழ ஜூஸ். கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்த ஒரு அக்கா, "நெலக்கடலை அவிச்சு வெச்சிருந்தனுங்க, கொண்டார வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

எந்தச் சட்டம் இப்படிச் சொல்லுதுன்னு தேடிப் பார்த்தேன். எதுவும் சொல்லலை.

பள்ளி உணவுக்கான விதியை எஃப்எஸ்எஸ்ஏஐ 2020 செப்டம்பரில் அறிவித்தது. 2021 ஜூலை முதல் நடைமுறை. கொழுப்பு, சர்க்கரை, சோடியம் அதிகமுள்ள உணவைப் பள்ளி வளாகத்திலோ, வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது. 2010-இல் உதய் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்து தொடங்கிய கதை இது. நல்ல விதி, சந்தேகமில்லை.

ஆனா புரோகிராமர் கண்ணால படிச்சா, இதில் முக்கால்வாசி 'விற்பனை' என்ற ஒரே நிபந்தனையில் தொங்குது. பெற்றோர் கூட்டத்தில் யாரும் விற்பதில்லை, கொடுக்கிறார்கள். விதி அங்கே தெளிவா இல்லை. அந்தக் காலி இடத்தைப் பள்ளி தன் பயத்தால் நிரப்பிக்குது. பாக்கெட்டில் உரிம எண் இருக்கு. யாருக்காவது வயிறு சரியில்லைன்னா கைகாட்ட ஒரு கம்பெனி இருக்கு. இந்தப் பயம் எனக்கும் புரியுது. ஆனால் உரிம எண், சர்க்கரை எவ்வளவு என்று சொல்லாது. சர்க்கரையைத் தடுக்க வந்த விதியின் பெயரால் கடலை வெளியே, கிரீம் பிஸ்கட் உள்ளே!

அமெரிக்காவிலும் சிற்றுண்டித் தரம் விற்கும் உணவுக்குத்தான். அதுவும் பள்ளி முடிந்த 30 நிமிடம் வரைதான். ஆனால் 2016 விதிப்படி, வகுப்பறை விருந்து மாதிரி விற்காமல் கொடுக்கும் உணவுக்கும் பள்ளி நிர்வாகம் ஒரு தரத்தை எழுதி வைக்கணும். எழுதும்போது பெற்றோரும் பங்கேற்க வழி இருக்கணும். ஓட்டை அங்கேயும் உண்டு, ஆனா யார் அடைக்கணும்னு சொல்லியிருக்காங்க.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அவர்கள் உட்கார்ந்தால் நாலு வரி போதும்: அவித்த கடலை, சுண்டல், வாழைப்பழம் வரலாம். அன்றே செய்ததாக இருக்கணும். யார் செய்தது, என்ன போட்டது என்று ஒரு சீட்டு. பாக்கெட் என்றால் பின்பக்கம் படித்துவிட்டு வாங்கணும். மற்ற பள்ளிகளும் இதையே செய்யலாம், தடை ஏதும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதை நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்த அக்காவும் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க.