டில்லிக்குக் கைதட்டல், மோலிக்கு ஃபைல்

‘கைதி’ (2019) படத்தின் பிரியாணிக் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பத்து வருஷ ஜெயில் சோற்றுக்குப் பிறகு ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுவான் என்பதை டில்லியாக வரும் கார்த்தி வசனமே இல்லாமல் காட்டிவிட்டார். பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போகும் வழியில் அந்த டில்லி எத்தனை பேரை அடித்துப் போட்டாலும் நமக்கு அவன் நல்ல அப்பாதான். ‘மகாநதி’ (1994) கமலும் சிறையிலிருந்து வந்து, கழைக்கூத்தாடிகளிடமிருந்து மகனையும் கல்கத்தாவிலிருந்து மகளையும் மீட்டு, பழியும் தீர்க்கிறார். அப்பாவின் கோபத்துக்கு விசில் நிச்சயம்.

வெளியே வருவது அம்மா என்றால்?

டெய்சி-மே ஹட்சன் இயக்கிய பிரிட்டிஷ் படம் ‘லாலிபாப்’. மோலி நான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வருகிறாள். இரண்டு பிள்ளைகளும் அரசுப் பராமரிப்பில். பிள்ளைகள் கூட இருந்தால்தான் பெரிய வீடு என்கிறது ஓர் அலுவலகம்; வீடு இருந்தால்தான் பிள்ளைகள் என்கிறது இன்னொன்று. மோலியாக வரும் போசி ஸ்டெர்லிங்கின் திறமை இந்த மேஜைகளுக்கு முன்னால்தான் தெரிகிறது. பவ்யமாக ஆரம்பிக்கிறார், பதில் வரவரக் குரல் ஏறுகிறது, அடக்கப் பார்த்து முடியாமல் வெடிக்கிறார். டில்லியின் கோபம் அவனைக் காப்பாற்றும். இவள் கோபம் இவளுக்கே எதிரான சாட்சியாக ஃபைலில் ஏறும். அது தெரிந்தே கத்துகிறாள் பாருங்கள், அதுதான் நடிப்பு. வெடிப்புகள் கொஞ்சம் அதிகம் என்பது என் குறை. தோழி அமினாவோடு சும்மா இருக்கும் காட்சிகளில் ஸ்டெர்லிங் இன்னும் நன்றாக இருக்கிறார்.

‘ஷெர்ரிபேபி’ (2006) படத்தில் இதேபோல் சிறையிலிருந்து வரும் அம்மாவாக நடித்த மேகி ஜில்லன்ஹால் வேறு வழியில் போனார். மகளைத் தேவைக்கு மேல் கொஞ்சுவார்; பார்க்கிற நமக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தக் கதை உத்திரமேரூரில் நடந்தால் எப்படியிருக்கும்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இருக்கிறது. அதில் வரும் குடவோலைத் தேர்தலை எல்லோரும் மெச்சுகிறோம். தகுதியில்லாதவர் பட்டியலை யாரும் நின்று படிப்பதில்லை. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து முடித்தவருக்கும் ஆயுள் முழுக்க ஓலையில் பெயர் கிடையாது.

புழல் சிறையிலிருந்து அந்த ஊருக்குத் திரும்பும் ஒருத்தி, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீஸில் நிற்கிறாள் என்று வையுங்கள். 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 6 வயதுவரைதான் பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம். அதற்குப் பிறகு ஆயா வளர்த்த பெண், முந்தானைக்குப் பின்னால் நின்று “இவங்க யாரு ஆயா?” என்று கேட்கும். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ளும் முகம் வேண்டும். மகளிர் குழுவில் கடன் கேட்டால் மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதைக் கவனிக்காத மாதிரி நடிக்கவும் தெரிய வேண்டும்.

‘ஜெய் பீம்’ (2021) படத்தில் போலீஸ் ஜீப் பின்னாலேயே வர, ஏற மறுத்து மகளோடு நடந்தே போவாரே செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ், அந்த நடை போதும். நடிக்க ஆள் இருக்கிறது. இயக்குநர்களே, சண்டைக் காட்சி வைக்காமல் இந்த அம்மாவை எழுதுங்கள்.