கனரக வாகன வித்தை

நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் கிளீனராக லாரி ஏறி, கயிறு கட்டவும் தார்ப்பாய் போர்த்தவும் டயர் மாற்றவும் பழகி, அதற்குப் பிறகே ஸ்டியரிங்கைத் தொடும் பாக்கியம் பெறுகிற இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அப்யசித்துவரும் வித்தையை வெறும் பிழைப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. சரக்கு வாகனம் ஓட்டுவதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இலகுரக உரிமம் பெற்று 1 வருஷமாவது கழிந்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருப்பது மிகவும் நியாயமே.

பழைய லாரிகளில் கியரைக் குறைப்பதற்கு, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரைச் சற்றே அழுத்தி இஞ்சினின் வேகத்தை உயர்த்தி, மறுபடியும் கிளட்சை மிதித்துப் பல்லோடு பல் சப்தமின்றிப் பொருந்தச் செய்கிற அந்த க்ஷணநேரக் காரியத்தில், காதும் காலும் கையும் ஒருமித்து இயங்கும் அழகைக் காணும்போது தேர்ந்த மிருதங்க வித்வானின் விரல்களே எனக்கு ஞாபகம் வரும்.

அதனினும் கடினமானது மலை இறக்கம். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டையூசி வளைவுகளில் பாரத்தோடு இறங்குகிறவன் பிரேக்கை மாத்திரம் நம்பினால், டிரம் சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். ஆகையால், ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டுமென்று மூத்த டிரைவர்கள் பிரதான பாடமாகப் போதிக்கிறார்கள்.

ஆயினும் என் பிரியம் ரிவர்ஸ் எடுப்பதில்தான். பின்னால் நிற்கும் கிளீனர் பலகையைத் தட்டி, “வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!” என்று குரல் கொடுக்க, கண்ணாடியில் தெரியும் சொற்ப இடைவெளியைக் கொண்டே குறுகிய சந்தில் வண்டியை வளைத்துக் கிடங்கின் வாசலில் பொருத்துகிற சாமர்த்தியத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதேயில்லை.