கருச்சிதைத்தோர் யார்?

உலு திராமில் அன்பர் ஒருவர் இல்லத்தில் திங்கள்தோறும் கூடும் இலக்கியச் சுற்றில், அண்மையில் கருக்கலைப்புச் சட்டம் பற்றிய பேச்சு எழுந்தது. தன் உடல்நலம் பற்றிய முடிவைப் பெண்ணே எடுப்பது முறையா என்பது வினா. கூடியிருந்தோருள் பெரும்பாலோர் தமிழாசிரியர்கள். அவர்களுள் மூத்தவர் ஒருவர், "புறநானூற்றின் 34ஆம் பாட்டு இதற்கு என்றோ விடை கூறிவிட்டது. கருச்சிதைத்தல் பெரும்பாவம் என்று சங்கச் சான்றோரே சொன்னபின் நாம் வாதிடுவானேன்?" என்றார். எவரும் மறுக்கவில்லை. நானும் வாளாவிருந்தேன். வீடு திரும்பிப் பாட்டை மீண்டும் படித்தபின்னரே, வாளாவிருந்தது தவறு என்று உணர்ந்தேன்.

பாடியவர் ஆலத்தூர் கிழார். பாடப்பட்டவன் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். பாட்டின் பொருள் செய்ந்நன்றி. பசுவின் மடியை அறுத்தவர்க்கும், மகளிர் கருவைச் சிதைத்தவர்க்கும், பெரியோர்க்குத் தீங்கிழைத்தவர்க்கும் கழுவாய் உண்டு; நன்றி கொன்றவர்க்கோ உய்வில்லை என்பது புலவர் வாக்கு. (மூன்றாவது தீங்கு குரவர்க்கா, பார்ப்பார்க்கா என்பதில் பாட வேறுபாடு உண்டு. அது நம் வினாவுக்கு வேண்டுவதன்று.) அறத்துப்பாலில் நன்றி கொல்லுதலைக் கண்டிக்கும் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் இம்மூன்று தீமைகளை எடுத்துக்காட்டுகிறார்.

இப்பாட்டிலிருந்து நம் நண்பர் பெற்ற முடிவு சரிதானா? முதலில் இலக்கணத்தை நோக்குவோம். 'மகளிர் கரு' என்பது ஆறாம் வேற்றுமைத் தொகை. மகளிரது கரு என விரியும். 'சிதைத்தோர்' என்பது பிறவினை. கருவை உடையவர் மகளிர். சிதைத்தவர் எவர் என்று பாட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அடுத்தடுத்து நிற்கும் மூன்று தீமைகளையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மடி அறுக்கப்பட்ட பசு துன்புறுகிறது, பெரியோர் துன்புறுகின்றனர். இடையில் நிற்கும் மகளிரையும் துன்புற்றவராகக் கொள்வதே நடைக்குப் பொருந்தும். அவர்களைத் தீங்கு செய்தவராகக் கொண்டால் வரிசை குலைந்துவிடும்.

மறுதரப்பின் வாதத்தையும் மறைத்தல் ஆகாது. பெண்ணே வேண்டிக் கேட்க, மருத்துவச்சி மருந்து கொடுத்திருந்தால், அவளும் கருச்சிதைத்தவள் ஆகமாட்டாளா எனக் கேட்கலாம். ஆகலாம். வலிந்து செய்ததா, வேண்டிச் செய்ததா என்ற வேறுபாட்டைப் புலவர் எண்ணிப் பார்க்கவில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட பொருளும் அன்று. நன்றி மறத்தலின் கொடுமையை உயர்த்திக் காட்ட அவர் அமைத்த படிகள் அம்மூன்றும். படியைப் பிடுங்கி அதனைத் தீர்ப்பாக்குவது பாட்டைப் படிக்கும் முறையன்று. அப்படியே தீர்ப்பாகக் கொண்டாலும், அதற்குக் கழுவாய் உண்டு என்பதே புலவர் கூற்று. மன்னிப்புக்கு இடம் வைத்த பாட்டை மன்னிப்பில்லாத கண்டனத்துக்குச் சான்றாக்கினோம்.

நிற்க. பாட்டு வகுக்காத அவ்வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 312ஆவது பிரிவு, பெண்ணின் இசைவுடன் நடக்கும் கருச்சிதைவைப் பற்றியது. தண்டனை மூன்றாண்டுவரை சிறை. வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிந்தபின் ஆயின் ஏழாண்டுவரை. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவில் அடங்குவாள் என்று அதன் விளக்கம் கூறுகிறது. 313ஆவது பிரிவோ பெண்ணின் இசைவின்றிச் செய்வதைப் பற்றியது. அதற்குத் தண்டனை இருபதாண்டுவரை. பசுவின் மடியறுத்தலோடு சேர்த்தெண்ணத் தக்க கொடுமை இதுவே. நண்பர் 312ஐ மனத்திற்கொண்டு பாட்டைச் சொன்னார். என் கருத்தில் பாட்டு 313ஐ நெருங்கி நிற்கிறது.

மேலும் ஒன்று. 1989ஆம் ஆண்டு 312ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்குச் சேர்க்கப்பட்டது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ நேரும் கேடு, அதனை முடித்துவிடுவதால் நேரும் கேட்டினும் பெரிது என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் செய்வது குற்றமாகாது. 2012இல் சுகாதார அமைச்சு தன் மருத்துவமனைகளுக்கென வழிகாட்டி நெறிகளையும் வெளியிட்டது. அன்று எங்கள் சுற்றில் இருந்தோருள் இவ்விதிவிலக்கை அறிந்தவர் ஒருவரும் இலர்; நானும் அறியேன். புறப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, நம் வீட்டுப் பெண்களின் உயிரைக் காக்கும் சட்டவரி தெரியவில்லை.

விதிவிலக்கையும் ஆசிரியர் கண்கொண்டு நோக்கினால் ஒரு குறை தெரியும். 'கருதினால்' என்ற வினைக்கு எழுவாய் மருத்துவர். பெண் செயப்படுபொருளாகவே நிற்கிறாள். குற்றம் சுமத்தும் விளக்கத்தில் அவள் எழுவாய். நலம் நாடும் விதிவிலக்கில் அவள் எழுவாயல்லள். இது நேர்மையான அமைப்பா என்பதே என் வினா.

இச்சட்டத்தின் வேர் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். அதனை முன்மாதிரியாகக் கொண்டே நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுச் சட்டமும் அக்குடும்பத்தது. ஒரே வேரிலிருந்து கிளைகள் வேறுவேறாகப் பிரிந்தன. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி இன்றும் இடமில்லை. இந்தியா 1971இல் தனிச்சட்டம் செய்தது. திருமணமாகாத பெண்ணுக்கும் அதன் பயன் சமமாக உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரோ 1969இலேயே சட்டம் இயற்றியது. அங்கு 24 வாரம்வரை பெண்ணின் எழுத்துமூல இசைவே அடிப்படை. உலு திராமிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தி, ஒரே நாளில் இருவேறு சட்டங்களின் கீழ் மூச்சுவிடுகிறாள். அவள் உடலோ ஒன்றுதான்.

கருவை இழத்தல் எளிய காரியம் என்று எவரும் சொல்லார். அதனைச் சமயநெறியால் ஏற்காதார் கருத்தையும் மதிக்கிறேன். ஆயின் அவரவர் நெறியை அவரவர் சொல்லட்டும். புறநானூற்றைத் துணைக்கு இழுக்க வேண்டா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிதைந்தது தன்வினை, சிதைத்தது பிறவினை என்று வகுப்பில் கற்பிக்கிறோம். வழக்கிலோ தானே கரு கலைந்த தாயையும், கலைக்க நேர்ந்த தாயையும் 'கருச்சிதைவு' என்ற ஒரே சொல்லால் குறித்து, இருவர்மீதும் ஒரே ஐயத்தை வீசுகிறோம். உதிரப்போக்குடன் துடிப்பவள், ஊர் என்ன சொல்லுமோ என்று மருத்துவமனைக்குப் போக அஞ்சினால், அவ்வச்சத்தில் நம் சொல்லுக்கும் பங்குண்டு. சிற்றூர்களில் மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியரைத் தேடி வருவோர் இன்றும் உளர். நாளை ஒரு தாய் அவ்வாறு வந்து நின்றால், சட்டம் அவளுக்கு என்ன இடம் தந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுவோம். பாட்டைப் பிறகு படிக்கலாம். படிக்கும்போது கழுவாய் என்ற சொல்லை விடாமல் படிப்போம்.