நடையைப் பாரு தம்பி

குதிரைப் பந்தயத்தை ஓட்டத்தில் ரசிப்பவர்கள்தான் அதிகம். நான் நடையில் ரசிக்கப் பழகியவன். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் பேடாக் என்கிற வட்டத்துக்குள் சைஸ்கள் எனப்படும் குதிரைக்காரர்கள் குதிரைகளைக் கையில் பிடித்துச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். கொஞ்ச நேரம்தான். ஜாக்கி ஏறி உட்கார்ந்ததும் குதிரைகள் களத்துக்குப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே எண்பதுகளில் திருப்பத்தூரிலிருந்து ரயிலேறிப் போயிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது சுலபம். ஜோலார்பேட்டை கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து மேற்கே சுமார் 145 கிலோமீட்டரில் பெங்களூர், கிழக்கே சுமார் 215 கிலோமீட்டரில் சென்னை. கோடை சீசன் பெங்களூரில். குளிர்காலத்தில் சென்னைக் கிண்டியும் அப்போது களைகட்டியது. பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் ரேஸ் கோர்ஸுக்கு நடந்தே போய்விடலாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தோல் வியாபார விஷயமாக அந்த ரயில்களில் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களில் ரேஸ் பார்க்கிறவர்கள் ஒரு தனிக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில்தான் பாய் எனக்குக் கிடைத்தார். வாணியம்பாடி டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும்: உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு அவர் உயிருள்ள குதிரையைப் பார்ப்பார். ஒரு ரூபாய்கூடக் கட்டமாட்டார். சூது ஹராம் என்பதில் அவருக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. குதிரை பார்க்க மட்டும்தான் வருவார்.

பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் விலைப் பலகை முன்னால் நான் நின்றுகொண்டிருந்தால் தோளைத் தட்டுவார். “இன்னா தம்பி, போர்டையே பாத்துனு நிக்கிற? ஓடப்போறது நம்பரா? வந்து நடையைப் பாரு.”

அவர் சொன்னபடி பார்த்தால் முதலில் பின்னங்கால். முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்னங்குளம்பு விழ வேண்டும். எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு தாராளமாக அந்தக் குதிரை ஓட்டத்தில் எட்டிப் போடும் என்பார். இரண்டாவது, சைஸின் கை. கயிறு தளர்ந்திருந்தால் குதிரை மனம் அமைதியாக இருக்கிறது. சைஸ் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பிடிக்கிறார் என்றால் அதன் தெம்பில் பாதி பேடாக்கிலேயே செலவாகிறது. வேர்வையும் அப்படித்தான். வெயில் நாளில் கழுத்து நனைவதைப் பற்றிக் கவலையில்லை. தொடையிடுக்கில் வெள்ளையாய் நுரை கட்டினால் படபடப்பு. காது முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தால் சுற்றிலும் நடப்பதைக் கவனிக்கிறது என்று அர்த்தம்; பின்னால் ஒட்டிப் படுத்தே இருந்தால் அன்றைக்கு அதற்கு விருப்பமில்லை.

கடைசியில்தான் தோலுக்கு வருவார். “மேல பளபளப்பு தேய்ச்சா வரும் தம்பி. உள்ளேர்ந்து வர்ற பளபளப்பு வேற.” நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரையின் விலாவில், ரோமத்துக்கடியில், வட்ட வட்டமாக நிழல் படிந்ததுபோல் புள்ளிகள் தெரியும். செம்பழுப்பு நிறத்தில் அதைப் பார்க்க வேண்டும். அந்த அழகுக்கு நிகராக நான் பார்த்த பொருள்கள் மிகக் குறைவு.

குதிரை ரசனை வடஆர்க்காட்டுக்கு வெளியூரிலிருந்து இறக்குமதியான சரக்கு இல்லை. செஞ்சி தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்த மண் இது. யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அவன் அடக்கி ஏறிய இடம் வரும்போது கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1714இல் ஆர்க்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி அவன் மாண்டான். தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையின் பெயர் அவன் ராணியின் நினைவாக வந்தது என்பது ஊர் வழக்கு. போதாததற்கு எருது விடும் விழா வேறு. பொங்கல் முடிந்ததும் எங்கள் கிராமங்களில் காளைகளை ஓடவிட்டு, யார் காளை குறைந்த நொடியில் எல்லையைத் தொட்டது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். காளையின் மூச்சையும் கால் வைப்பையும் பார்த்து முன்கூட்டியே சொல்கிற பெரியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். பேடாக்கைச் சுற்றி நின்ற எங்களவர்களுக்கு அந்தப் பழக்கம் கண்ணிலேயே இருந்தது.

பணம் கட்டுவதிலும் ஒரு கலை உண்டு. டோட்டில் கட்டினால் எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது பந்தயம் முடிந்தால்தான் முடிவாகும். புக்கியிடம் கட்டினால் அந்த நிமிடத்து விலை உங்களுக்கு உறுதி. முதலாவதைச் சொல்லும் வின், முதல் சில இடங்களுக்குள் வருவதைச் சொல்லும் பிளேஸ், முதல் மூன்றையும் வரிசை தவறாமல் சொல்லும் தானாலா, அடுத்தடுத்த ரேஸ்களின் வெற்றிக் குதிரைகளை மொத்தமாகச் சொல்லும் ஜாக்பாட் என்று பல வகை. நான் வின்னோடும் பிளேஸோடும் நின்றுகொண்டேன். ஜாக்பாட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடிப்போகிறது. பார்த்த கண்ணுக்கு அங்கே மதிப்பில்லை என்பது என் கருத்து. கட்டிய பணம், குதிரையை நாம் சரியாகப் படித்தோமா என்பதற்கான பரீட்சைக் கட்டணம். பாய் காட்டுவார், நான் கட்டுவேன், இரண்டு பேருக்கும் விடை ஒன்றாகத் தெரியும்.

ஹேண்டிகேப் என்கிற ஏற்பாட்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது. நன்றாக ஓடிவரும் குதிரைக்கு ரேட்டிங் கூடும். ரேட்டிங் ஒரு புள்ளி கூடினால் சுமை அரை கிலோ கூடும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே மூக்கில் வந்து முடிய வேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப்பரின் கனவு. அவர் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுதான் ரேஸ் ரசிகனின் வேலை. போன தடவை ஐந்தாவதாக வந்த குதிரை இந்தத் தடவை மூன்று கிலோ குறைத்துக்கொண்டு, 1,400 மீட்டருக்குப் பதில் 1,200 மீட்டர் ஓடுகிறது; பேடாக்கில் நடை பிரமாதம். அப்படி ஒரு குதிரை அகப்பட்டுவிட்டால் மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

ஓட்டமே எவ்வளவு சுருக்கம்! 1,200 மீட்டர் என்றால் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2,400 மீட்டர் டெர்பிக்கு இரண்டரை நிமிடம். அதில் ஜாக்கியின் கையைப் பார்க்கத் தெரிய வேண்டும். பெசி ஷ்ராஃப் சவாரியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். நேர்ப்பாதைக்கு வந்த பிறகும் கை அசையாது. எதிரில் இருப்பவர்கள் சாட்டையைத் தூக்கிவிட்ட பிறகும் அவர் குதிரையை மூச்சுக்குள் வைத்திருந்து, கடைசிப் பர்லாங்கில்தான் விடுவார். 2004இல் அவர் சவாரியை விட்டு டிரெய்னரானார். குதிரை வைத்திருந்தவர்களில் எம்.ஏ.எம். ராமசாமியைச் சொல்லாமல் கிண்டியைப் பற்றிப் பேச முடியாது. கிளாசிக் பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்ற செட்டிநாட்டு மனிதர். அவருடைய குதிரை பேடாக்குக்குள் வந்தாலே கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும்.

ரேஸால் அழிந்த குடும்பங்கள் உண்டு. தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வந்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்திலேயே கேட்டிருக்கிறேன். 1974இல் தமிழ்நாடு அரசு ரேஸை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததில் நியாயமான வருத்தம் இருந்தது. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996இல் வந்த தீர்ப்பு குதிரைப் பந்தயத்தைத் திறமையை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் என்றது. இரண்டையும் நான் ஏற்கிறேன். திறமையை வளர்த்துக்கொள்ளாமல் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு அது சூதுதான். அதனால்தான் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: திரும்பி வரும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும், சட்டைப் பையில் உள்ளது தீர்ந்தால் அன்றைய கட்டல் முடிந்தது, யாரும் யாருக்கும் கைமாற்று கொடுக்கக் கூடாது. பணம் தீர்ந்த பிறகும் கடைசி ரேஸ் வரை பேடாக் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியதாக வரலாறு. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து சுமார் 160 ஏக்கரையும் எடுத்துக்கொள்ள முடிவுசெய்தது. விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது. நடுவே மழைநீருக்காகக் குளங்களும் வெட்டப்பட்டன. வெள்ளத்தில் தவிக்கும் நகரத்துக்குக் குளம் வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அதே ஆண்டு அரசு எடுத்துக்கொண்டது.

நிலத்தின் முடிவு எப்படியானாலும், அங்கே தலைமுறைகளாகக் குதிரையோடு வாழ்ந்த சைஸ்கள், லாடம் அடிப்பவர்கள், காலையில் குதிரைக்கு நடை பழக்கியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கால் வீங்கினால் என்ன பற்று, எந்தக் குதிரைக்கு எந்தக் கை ஒத்துவரும் என்பதெல்லாம் அவர்கள் வாயில் மட்டும் இருக்கும் அறிவு, எழுத்தில் ஏறவில்லை. ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பற்றித் தமிழில் இத்தனை எழுதிவிட்டோம். யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். வயதானவர்கள், சீக்கிரம் போங்கள்.