தனித்துயரும் கலைநேர்மையும்: ஜோன் லெனனின் 1970 இசைத்தட்டு

பீற்றில்ஸ் குழு 1970 இல் பிரிந்ததன் பின், அதன் முன்னணிப் பாடகருள் ஒருவரான ஜோன் லெனன் அவ்வாண்டு டிசெம்பரில் 'ஜோன் லெனன்/பிளாஸ்ரிக் ஓனோ பாண்ட்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். சொந்த அவலமே பாடுபொருளாதலின், இதனைத் தன்னுள் முடங்கிய கலை எனத் தள்ளிவிடல் எளிது. ஆயின் அம்முடிபு மறுபரிசீலனைக்குரியது.

1958 இல் வீதி விபத்தொன்றில் தாயை இழந்தவர் லெனன். முதற்பாடல் மணியோசையுடன் தொடங்கித் தாயை விளித்து அலறலாக முடிகிறது. இறுதிப்பாடல் அவள் மரணத்தைக் கூறி ஒரு நிமிடத்துள் ஓய்கிறது. இத்துயருக்கு அலங்காரம் சேர்க்கப்படவில்லை. பெரும்பாலும் பியானோ அல்லது கிற்றார், பாஸ் கிற்றார், றிங்கோ ஸ்ராரின் முரசு ஆகியனவே ஒலிக்கின்றன. செறிந்த வாத்திய அடுக்குகளுக்குப் பேர்பெற்ற பில் ஸ்பெக்ரர் இணைத் தயாரிப்பாளராக இருந்தும் இவ்வெறுமை பேணப்பட்டமை கருதற்பாலது.

தொழிலாள வர்க்க வீரனைப் பற்றிய பாடலிலோ, வீடும் பள்ளியும் பிள்ளையை ஒடுக்கி உருவாக்கும் முறைமை அம்பலமாகிறது. தனித்துயர் இங்கு சமூக விமர்சனமாக விரிகிறது. 'கடவுள்' என்னும் பாடல், சமயம், தலைவர்கள், இசைநாயகர்கள் மீதான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக மறுத்து, ஈற்றில் பீற்றில்ஸையும் மறுக்கிறது. எஞ்சுவோர் அவரும் துணைவியுமே. கூட்டு விடுதலைக்கு வழிகாணாமை இத்தட்டின் எல்லை. இரசிகர் வழிபட்ட தன் படிமத்தைத் தானே உடைத்தமை அதன் பெறுமதி எனலாம்.